நாள் தள்ளிப்போகுதே, ஏன்? பெண்ணுடலும் மாதச் சுழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ விலங்கியலில் 'மனித இனப்பெருக்கம்' என்று ஒரு பாடம். அதை நடத்தி முடித்த மறுநாள் என் மேசை டிராயரில் துண்டுச் சீட்டுகள் சேர்ந்திருக்கும். சிலது கணக்கு நோட்டில் கிழித்தது, சிலது பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். பெயர் எழுதாமல் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நான் சொல்லி வைத்ததன் பலன். அந்தச் சீட்டுகளில் வந்தவை, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளி வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்டவை, கல்யாணமாகிப்போன பழைய மாணவிகள் போனில் கேட்டவை எல்லாம் கலந்து இங்கே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை, பாடம் நடத்துகிறவள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்வேன். உங்களுக்கு என்ன வைத்தியம் என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

புத்தகப் படத்தில் கருப்பை மாட்டுத் தலை மாதிரி இருக்கிறதே, நிஜத்திலும் அப்படித்தானா?

கிட்டத்தட்ட. முகம் மாதிரி தெரிவது கருப்பை. கர்ப்பம் இல்லாதபோது 7, 8 செ.மீ. நீளம்தான், தலைகீழாகப் பிடித்த சின்னக் கொய்யாப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொம்புகள் இரண்டும் கருக்குழாய்கள், ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. கொம்பின் நுனியருகே, ஓட்டோடு கூடிய பாதாம் அளவில் இருப்பவை சினைப்பைகள். பாடப்புத்தகம் இவற்றை அண்டகம் என்கிறது. முகத்தின் அடியில் கருப்பை வாய், அதற்குக் கீழே யோனிக்குழாய்.

படம் இரண்டு விஷயங்களில் ஏமாற்றும். ஒன்று, கருப்பை விறைப்பாக நிற்பதில்லை. பெரும்பாலோருக்கு முன்பக்கம் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருப்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். இரண்டு, கருக்குழாய் சினைப்பையோடு ஒட்டியிருக்காது. அதன் நுனி புடவை முந்தானைக் குஞ்சம் போல விரிந்து, சினைப்பையைத் தடவிக்கொண்டு சும்மா பக்கத்தில் இருக்கும். முட்டை வெளிவந்ததும் குஞ்சம் அதை வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு பக்கக் குழாயை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்ட பெண்ணுக்கு, அந்தப் பக்கத்து முட்டையை மறுபக்கக் குழாய் பிடித்துக்கொண்டு கரு உண்டானதும் உண்டு.

சிறுநீர் வருகிற வழியும் மாதவிடாய் வருகிற வழியும் ஒன்றா?

இல்லை. முன்னால் சிறுநீர்த் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய். மூன்றும் தனித்தனி. இரண்டு குழந்தை பெற்றவர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிறுநீர்த் துவாரத்துக்கு மேலே கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது அதன் நுனி மட்டும்; பெரும்பகுதி உள்ளே கிளை பிரிந்து கிடக்கிறது.

கன்னித்திரை பற்றியும் இதே சீட்டில் கேட்டிருந்தார்கள். அது வாசலை முழுக்க மூடிய கதவு இல்லை, ஓரத்தில் இருக்கும் மெல்லிய சவ்வு. ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். அதைப் பார்த்து யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடத்தப்பட்டுவந்த 'இரு விரல் சோதனை'க்கு அறிவியல் அடிப்படையே இல்லை, யாரும் அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

மாதாமாதம் முட்டை புதிதாக உற்பத்தியாகிறதா?

இல்லை. எனக்குப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இது. பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் அறுபது எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது பத்து இருபது லட்சம். வயசுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அதில் ஆயுள் முழுக்க வெளியே வருவது சுமார் 400, 500 மட்டும். மற்றவை சத்தமில்லாமல் கரைந்துபோகின்றன. அப்படியானால் பாருங்கள்: நீங்கள் உருவான முட்டை, உங்கள் அம்மா உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தயாராகிவிட்டது.

முட்டையின் குறுக்களவு 0.1 மி.மீ. ஒரு ரவைத் துணுக்கைவிடச் சிறியது. பாலூட்டியின் கருமுட்டையை முதலில் கண்ணால் பார்த்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர், 1827-இல், ஒரு நாயின் உடலில். அதுவரை மனிதர்கள் யூகத்தில்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

சரி, ஒரு சுழற்சியில் என்னதான் நடக்கிறது?

ரத்தம் பட்ட முதல் நாளை 1 என்று வையுங்கள். கதை அங்கே தொடங்குவது போலத் தோன்றும். உண்மையில் அது போன சுழற்சியின் கடைசிக் காட்சி.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒன்றரை மணிக்கு ஒரு தடவை என்பது போல விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சொட்டுகிறது. அந்தத் தாளம் அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை. பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. சினைப்பையில் முட்டைகள் தனித்தனிப் பைகளுக்குள் இருக்கின்றன. அவற்றில் சில பைகள் இந்த ஹார்மோன் பட்டதும் வளரத் தொடங்கும். நாலைந்து நாளில் ஒரு பை முந்திக்கொள்ளும். வளர வளர அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது. மேலே பிட்யூட்டரியிடம் 'போதும், குறை' என்கிறது. எஃப்.எஸ்.எச். குறைந்ததும் பின்தங்கிய பைகள் வாடிவிடும், முந்தியது மட்டும் தாக்குப்பிடிக்கும்.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. இதுவரை பிரேக்காக இருந்த ஈஸ்ட்ரோஜன், உச்ச அளவில் இரண்டு நாள் போல நிலைத்து நின்றால் ஆக்ஸிலரேட்டராக மாறிவிடுகிறது. பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை வெள்ளம் போலக் கொட்டுகிறது. அந்த வெள்ளம் தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியே வருகிறது.

வெடித்த பை வீணாவதில்லை. மஞ்சள் நிறமாகி, கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாகிறது. 'லூட்டியம்' என்றாலே மஞ்சள்தான். இது புரொஜெஸ்ட்ரோன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் சுவர் எழுப்பும் கொத்தனார் என்றால், புரொஜெஸ்ட்ரோன் பூச்சு பூசி, தண்ணீர்க் குழாய் இழுத்து, வீட்டைக் குடிவரத் தயாராக்கும் ஆள். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸுக்குள் கொஞ்சம் ஏறுவதும், மார்பு கனப்பதும், சிலருக்கு மலச்சிக்கலும் இதன் கைங்கரியம்.

இந்த மஞ்சள் சுரப்பிக்கு ஆயுள் ஏறத்தாழ இரண்டு வாரம். அதற்குள் கரு பதிந்தால் கருவிடமிருந்து எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் வரும், சுரப்பி உயிரோடிருக்கும். வீட்டில் சிறுநீரில் பார்க்கிற கர்ப்பப் பரிசோதனை அட்டை தேடுவது இந்த எச்.சி.ஜி.யைத்தான். தகவல் வராவிட்டால் சுரப்பி வாடும், புரொஜெஸ்ட்ரோன் சரியும், உள்சுவரின் சுருள் ரத்தக்குழாய்கள் இறுகும், சுவர் உதிரும். அதுதான் ஒன்றாம் நாள்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. முட்டை வந்த பிறகான பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள், அதிகம் அசையாது. முட்டை வருவதற்கு முந்தைய பாதிதான் நீளும், குறுகும். ஆகவே 'நாள் தள்ளிப்போச்சு' என்றால், கரு தங்காத பட்சத்தில், முட்டை வருவது தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள். கீழே இருக்கும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வரியே பதில்.

நாள் தள்ளிப்போக என்ன காரணம்?

ஒரு பழைய மாணவி தன் வீட்டு மாதக் காலண்டரைப் படம் பிடித்து அனுப்பினாள். ஆகஸ்ட் 4, செப்டம்பர் 1, செப்டம்பர் 30, நவம்பர் 9 ஆகிய தேதிகளில் சிவப்புப் பேனா வட்டம். அதாவது 28 நாள், 29 நாள், பிறகு திடீரென்று 40 நாள். நவம்பர் முதல் வாரம் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறாள். அலைச்சலும் கண்ட சாப்பாடும்தான் காரணம் என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

நவம்பர் 9-லிருந்து 14 நாள் பின்னால் எண்ணச் சொன்னேன். அக்டோபர் 26. வழக்கப்படி முட்டை வந்திருக்க வேண்டிய நாள் அக்டோபர் 14-ஐ ஒட்டி. அந்த வாரம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "டெங்கு மிஸ், ஆஸ்பத்திரியில இருந்தேன்." கல்யாணத்துக்குப் போகும்போது முட்டை வெளிவந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது, அந்த அலைச்சலால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. காரணத்தை நேற்றில் தேடாமல் மூன்று நான்கு வாரம் முன்னால் தேட வேண்டும்.

காய்ச்சல், கடுமையான மன அழுத்தம், சட்டென்று எடை குறைவது அல்லது கூடுவது, அளவு மீறிய உடற்பயிற்சி, தைராய்டு, பால்சுரப்பு ஹார்மோனான புரொலாக்டின் கூடுவது எல்லாமே ஹைப்போதலாமஸின் தாளத்தைக் குலைக்கும். பட்டினி கிடக்கும் உடம்பு பிள்ளை பெறும் வேலையைத்தான் முதலில் தள்ளி வைக்கும், அதில் நியாயம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பு. வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் 45 நாள் வரை போகலாம், ஏனென்றால் அப்போது பல மாதங்களில் முட்டையே வருவதில்லை. மூன்று மாதம் வராமலே இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு கர்ப்பப் பரிசோதனை.

டாக்டர் ஏன் எப்போதும் கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்கிறார்?

நம் பேச்சில் கர்ப்பிணியை 'முழுகாம இருக்கா' என்பார்கள். மாதவிடாய் முடிந்து தலைக்கு முழுகும் நாள் வரவில்லை என்பதையே செய்தியாக்கிய சொல். டாக்டரின் கணக்கும் அதே வழிதான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். இதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது! நான்கு வாரக் கர்ப்பம் என்றால் கருவின் வயது இரண்டு வாரம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'கடைசியா எப்ப குளிச்ச?' என்று கேட்டால் பலர் தலைக்கு ஊற்றிய மூன்றாம் நாளையோ ஐந்தாம் நாளையோ சொல்லிவிடுகிறார்கள். டாக்டருக்கு வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாள். மேலே சொன்ன மாணவிக்கு அந்த 40 நாள் சுழற்சியில் கரு தங்கியிருந்தால் தேதிக் கணக்கே பன்னிரண்டு நாள் பிசகியிருக்கும். அதைச் சரிசெய்யத்தான் ஆரம்ப கால ஸ்கேன்.

இதே பிசகு இன்னோர் இடத்திலும் வரும். முட்டை வருகிறதா என்று பார்க்க '21-ஆம் நாள் புரொஜெஸ்ட்ரோன்' ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். அந்த 21 என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 35 நாள் சுழற்சிக்காரர் 28-ஆம் நாளில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் சுழற்சியின் நீளத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த நாட்களில் கரு தங்கும்? 'சேஃப் டேஸ்' நம்பலாமா?

முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள். 1995-இல் ஆலன் வில்காக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இந்த ஆறு நாள் கணக்கை உறுதி செய்தது. கரு வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல சேதி. வேண்டாம் என்பவர்களுக்குத்தான் சிக்கல்: முட்டை எப்போது வந்தது என்பது வந்த பிறகே தெரியும். காலண்டரை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடமே படித்தாள்.

வெள்ளைப்படுதல் நோயா? எலும்பு உருகுகிறது என்கிறார்களே?

எலும்பு உருகாது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாள் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல, விரலில் எடுத்தால் நூலாக இழுபடும் திரவம் வரும். விந்தணுவுக்குக் கருப்பை வாய் போட்டுத் தரும் பாதை அது. முட்டை வந்த பிறகு அதுவே கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். தயிர் திரிந்தது போல வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்று. மீன் வாடை அடித்தால் வேறு தொற்று. இரண்டுக்கும் சுலபமான மருந்து இருக்கிறது. உள்ளே சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். அங்கே லேசான அமிலத்தைக் காத்துவரும் நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது, சோப்பு முதலில் அதைத்தான் காலி செய்யும்.

மாதவிடாயில் போவது கெட்ட ரத்தமா?

கை வெட்டினால் வருகிற அதே ரத்தம்தான். கூடக் கருப்பையின் உள்சுவர்த் திசுவும் சளியும் கலந்திருக்கிறது. ஒரு சுழற்சிக்குச் சராசரியாக 30, 40 மில்லி ரத்தம், அதாவது ஆறு முதல் எட்டு டீஸ்பூன். பார்க்க நிறையத் தெரியும், அளந்தால் அவ்வளவுதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். வீட்டில் யாரும் அளக்கப் போவதில்லை. ஒரு மணி, இரண்டு மணிக்கொரு தரம் நாப்கின் நனைவது, பத்து ரூபாய் நாணய அளவில் கட்டி விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது ஆகியவை அடையாளம்.

இதை நான் இழுத்துச் சொல்லக் காரணம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாம் மாதவிடாயால் இல்லை, சாப்பாட்டில் இரும்பு குறைவதும் காரணம். ஆனால் மாதாமாதம் அளவு மீறிப் போகிற பெண், 'எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்' என்று இருந்துவிடுகிறாள்.

வலி ஏன்? 'கல்யாணமானா சரியாப் போயிடும்' என்பது?

உள்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கருப்பைத் தசை அதனால் இறுகிப் பிழிகிறது. மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைப்பவை. அதனால் வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட ஆரம்பத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போடுவது நன்றாகக் கேட்கும். அல்சர், சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வெந்நீர்ப் பையும் நிஜமாகவே உதவும்.

பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாதபடி மாதாமாதம் வலித்தால், வருடத்துக்கு வருடம் கூடினால், அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்: கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வேறு இடங்களில் வளர்வது. கல்யாணம் அதற்கு மருந்து இல்லை.

கோயில் திருவிழா வருகிறது, மாத்திரை போட்டுத் தள்ளி வைக்கலாமா?

போகலாமா கூடாதா என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, நான் வரவில்லை. மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். அது நோரெத்திஸ்டிரோன், புரொஜெஸ்ட்ரோனின் செயற்கைத் தம்பி. புரொஜெஸ்ட்ரோன் சரிந்தால்தானே சுவர் உதிரும்? சரியாமல் இது தாங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். உதிர ஆரம்பித்த பிறகு போட்டால் அணை உடைந்த பின் மண்மூட்டை அடுக்குகிற கதைதான். இந்த மாத்திரையை இப்படிப் போடுவது கருத்தடை ஆகாது. ரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. தோழியின் அட்டையிலிருந்து நாலைக் கிழித்து வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம்.

ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா?

சினைப்பைகளில் குட்டிக் குட்டிப் பைகள் நிறையத் தெரிகிற பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், பொதுவாக வேண்டாம். நீர்க்கட்டி என்ற பெயரே தவறான பயத்தைத் தருகிறது. அவை புதிதாக முளைத்த கட்டிகள் இல்லை. வளரத் தொடங்கி, ஒன்றும் முந்த முடியாமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். முட்டை வராததால் மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோன் கூடுவதால் முகத்தில் ரோமம், பரு. பலருக்கு இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை, அதனால்தான் சர்க்கரையையும் பார்க்கச் சொல்கிறார்கள். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது.

ஒல்லியானவர்களுக்கும் வரும். எடை கூடியவர்களுக்கு ஐந்து, பத்து சதவீதம் குறைந்தாலே சுழற்சி ஒழுங்காவது உண்டு. குழந்தையே பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதக்கணக்கில் வராமலே விட்டுவிடுவதும் நல்லதில்லை. புரொஜெஸ்ட்ரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சுவரை எழுப்பிக்கொண்டே இருந்தால், வருடங்கள் கழித்து அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம்.

தனியாக ஒரே ஒரு பெரிய நீர்க்கட்டி என்றால் அது வேறு விஷயம். டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

பப்பாளியும் எள்ளுருண்டையும் சாப்பிட்டால் சீக்கிரம் வருமா?

தள்ளிப்போனது எப்படியும் ஒரு நாள் வரத்தான் போகிறது. வந்த அன்று பேர் வாங்குவது பப்பாளி. எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஹாஸ்டலில் எங்கள் அறையில் எல்லோருக்கும் ஒரே சமயம் வருகிறதே?

1971-இல் மார்த்தா மெக்ளின்டாக் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். பிறகு வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. நாலு பேர் ஓர் அறையில், ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் என்றால் தேதிகள் மோதிக்கொள்ளத்தானே செய்யும். மோதாத மாதத்தை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

எங்கள் வீட்டு நாய்க்கும் வருகிறது. அதுவும் இதுதானா?

நல்ல கேள்வி, ஒரு பையன் போட்ட சீட்டு. இல்லை. நாய்க்கு ரத்தம் வருவது முட்டை வருவதற்கு முன்னால், இனச்சேர்க்கைக்குத் தயாராகும்போது. நமக்கு வருவது எல்லாம் முடிந்த பிறகு. உள்சுவர் உதிர்ந்து மாதவிடாய் வருவது குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, முள்முடி கொண்ட ஒரு சுண்டெலி வகை (இதற்கும் மாதவிடாய் உண்டு என்று 2016-இல்தான் தெரிந்தது) என்று வெகு சில பாலூட்டிகளுக்குத்தான்.

தாய்ப்பால் கொடுக்கும்போது மாதவிடாய் வரவில்லை. கரு தங்காதா?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவு பகல் தாய்ப்பால் மட்டும்தான், மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. முட்டைதான் முதலில் வரும், மாதவிடாய் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே ஒரு முறையும் வராமலே அடுத்த குழந்தை உண்டாகிவிடலாம்.

மாதவிடாய் எப்போது நிற்கும்? நின்ற பிறகு திரும்ப வருமா?

முட்டைக் கையிருப்பு தீரும்போது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி. மேலை நாடுகளில் 51. திடீரென்று நிற்காது. சில வருடம் முன்னும் பின்னுமாக ஆட்டம் காட்டும்: ஒரு மாதம் இருபது நாளில், அடுத்தது மூன்று மாதம் கழித்து. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வியர்த்து நனைந்து எழுந்து உட்காருவீர்கள். சினைப்பை பதில் சொல்லாததால் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்.சை ஏற்றிக்கொண்டே போகும். ரத்தப் பரிசோதனையில் அது அதிகமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், 'திரும்ப வயசுக்கு வந்துட்டேன்' என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். என் சொந்த அத்தை அப்படித்தான் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.